பேஸ்மென்டில் ரேடான்: அளப்பதும் குறைப்பதும்

கனடாவில் நிலத்தோடு ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு குளிர்காலத்திலாவது ரேடானை அளந்து பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து கசியும் இந்தக் கதிரியக்க வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, இருமல் என்று எந்த முன்னறிகுறியும் தராது. ஆனால் புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர முதற் காரணம் இதுதான் என்கிறது கனடாவின் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா. ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்ட மரணங்களை அது ரேடானோடு தொடர்புபடுத்துகிறது. புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் பேஸ்மென்டை வாடகைக்கு விடும் தமிழரும் அதில் குடியிருக்கும் தமிழரும் ஏராளம் என்பதால், இது நமக்கு ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் அல்ல.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான்-222 ஆகிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் நேரம், 3.8 நாள். வாயுவாக இருப்பதால் மண்ணின் இடுக்குகள் வழியே நகர்ந்து வீட்டுக்குள் வர இந்த அவகாசம் போதும். வெளியில் கசிவது காற்றோடு கலந்து ஐதாகிவிடும். வீட்டுக்குள் கசிவது தங்கிவிடும். உண்மையில் நுரையீரலைத் தாக்குவது ரேடான் அல்ல, அது சிதைந்து உண்டாகும் பொலோனியம். தூசியில் ஒட்டிக்கொண்டு சுவாசப்பையில் படிந்து ஆல்பாத் துகள்களை உமிழ்வது அதுதான்.

குளிர்காலத்தில் வீடே ஒரு உறிஞ்சுகுழல்போல வேலை செய்கிறது. சூடான காற்று மேலெழுந்து கூரைப் பக்கமாக வெளியேற, பேஸ்மென்டில் அழுத்தம் வெளியைவிடச் சில பாஸ்கல் குறைகிறது. அந்த அற்ப வித்தியாசமே தரைக்குக் கீழுள்ள மண்வாயுவை இழுக்கப் போதும். உலர்த்தும் இயந்திரமும் குளியலறை விசிறியும் இதைக் கூட்டும். பேஸ்மென்டில் இரண்டாவது குசினி வைத்து, தாளித்த புகை போக வலுவான ஹூட் பூட்டியிருக்கும் வீடுகளில் இந்த இழுவை இன்னும் அதிகம். வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று வர வழி இல்லையென்றால், அது தரை வெடிப்பு வழியாகத்தான் வரும்.

எந்த எண்ணைக் கண்டால் என்ன செய்வது

கனடாவில் அளவு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு எத்தனை பெக்கரல் (வினாடிக்கு ஓர் அணுச் சிதைவு ஒரு பெக்கரல்) என்று சொல்லப்படும். ஹெல்த் கனடாவின் வழிகாட்டு வரம்பு 200. 2007 வரை அது 800 ஆக இருந்தது. 200க்கும் 600க்கும் இடையில் வந்தால் இரண்டு ஆண்டுக்குள்ளும், 600ஐத் தாண்டினால் ஒரு ஆண்டுக்குள்ளும் சரிசெய்யச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு 100. 199 பாதுகாப்பு, 201 ஆபத்து என்று ஒரு கோடு இயற்கையில் கிடையாது. அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. 150 வந்த வீட்டில் பேஸ்மென்டிலேயே பிள்ளைகள் படுக்கிறார்கள் என்றால், செலவு கட்டுப்படியானால் குறைப்பதே நல்லது.

அமெரிக்காவில் விற்கும் கருவிகள் லீற்றருக்குப் பிக்கோகியூரி என்று காட்டும். அதை 37ஆல் பெருக்கினால் பெக்கரல் வரும். அமெரிக்கர்களின் வரம்பான 4 என்பது 148 பெக்கரல். திரையில் 5.4 என்று கண்டு "சின்ன எண்தானே" என்று விடுகிறவர்கள் உண்டு. அதுதான் நம் 200.

2012இல் வெளியான ஹெல்த் கனடா ஆய்வு, நாடு முழுவதும் சோதித்த சுமார் 14,000 வீடுகளை வைத்து, கனடியரில் 6.9 சதவீதம் பேர் 200ஐத் தாண்டிய வீடுகளில் இருப்பதாகக் கணித்தது. மனிட்டோபா, சஸ்காச்சுவான், நியூ பிரன்சுவிக், யூக்கான் பகுதிகளில் விகிதம் கூடுதல். 2024இல் வந்த இன்னொரு நாடளாவிய ஆய்வு, 200ஐ எட்டிய அல்லது தாண்டிய வீடுகள் ஏறத்தாழ 18 சதவீதம் என்று கணித்தது. ஊர் வரைபடத்தைப் பார்த்து உங்கள் வீட்டை முடிவுசெய்ய வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு 60 வந்தது உங்களுக்குச் சான்று ஆகாது. தரைக்குக் கீழுள்ள மண், வெடிப்புகள், வீடு இழுக்கும் விதம் மூன்றும் வீட்டுக்கு வீடு வேறு. ஒட்டியிருக்கும் இரட்டை வீடுகளிலும்கூட அளவு பெரிதாக மாறலாம்.

அளக்கும் கருவி

நம்பகமானது ஆல்பாத்தடப் பதிவி. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு டப்பா. உள்ளே ஒரு பிளாஸ்டிக் சில்லு. ஆல்பாத் துகள் பட்ட இடமெல்லாம் அதில் நுண்ணிய வடு விழும். ஆய்வுகூடத்தில் காரக் கரைசலில் அரித்து, நுண்ணோக்கியில் வடுக்களை எண்ணி, கால அளவால் வகுத்து சராசரி சொல்வார்கள். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. வாங்கும்போது ஆய்வுகூடக் கட்டணம் விலையில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் டப்பா மலிவு, முடிவு சொல்வதற்குத் தனிக் காசு. கனடாவின் தேசிய ரேடான் தகுதித் திட்டமான சி-என்ஆர்பிபி ஏற்றுக்கொண்ட பதிவிதானா என்றும் பாருங்கள்.

குறைந்தது மூன்று மாதம், அதாவது 91 நாள் வைக்க வேண்டும். ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட சூடேற்றும் காலமே பொருத்தம். ரேடான் அளவு காற்று, மழை, பனி, வெப்பநிலை எல்லாவற்றோடும் ஏறி இறங்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று மடங்கு மாறுவது சாதாரணம். இரண்டு நாள் சோதனையை வைத்துச் சுவரை உடைக்கவும் கூடாது, நிம்மதியாகத் தூங்கவும் கூடாது.

எயார்திங்ஸ் (Airthings), ரேடான்ஐ (RadonEye) போன்ற இலத்திரனியல் கருவிகள் இப்போது பல வீடுகளில் உண்டு. அவை நல்லவைதான், ஆனால் வாசிக்கும் விதம் தெரிய வேண்டும். தாழ்ந்த அளவுகளில் ஒரு மணி நேரத்தில் சின்னக் கருவி எண்ணும் துகள்கள் மிகக் குறைவு. ஆகவே மணிநேர எண் தாறுமாறாகத் துள்ளும். காலை 90, மாலை 240 என்று கண்டு பதறத் தேவையில்லை. மாதச் சராசரியைப் பாருங்கள், அதைவிட மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். இந்தக் கருவிகளின் உண்மையான பயன் ஒப்பிடுவதில்தான்: விசிறியைப் போட்டபின் குறைந்ததா, ஹூட்டை ஓடவிட்டால் ஏறுகிறதா என்று அறிய இதைவிட வசதி வேறில்லை.

எங்கே வைப்பது

யாராவது நாளுக்கு நாலு மணி நேரமாவது இருக்கும் அறைகளில் எது கீழ்மட்டத்தில் உள்ளதோ, அதில். பேஸ்மென்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் அவருடைய படுக்கையறையிலோ வரவேற்பறையிலோ. பேஸ்மென்டில் ஃபர்னஸும் பழைய சாமான்களும் மட்டும் என்றால் முதல் தளத்தில். ரேடான் எங்கே அதிகம் என்பதைவிட, மனிதர் சுவாசிக்கும் இடத்தில் எவ்வளவு என்பதே கேள்வி.

தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரம். உட்சுவரிலிருந்து 40, வெளிச்சுவரிலிருந்து 50, கூரையிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி. மற்றப் பொருள்களிலிருந்து 20 சென்டிமீட்டராவது விலகி இருக்கட்டும். கூரையிலிருந்து நூலில் தொங்கவிடுவது நல்ல வழி; பிள்ளைகள் கை எட்டாது. குசினி, குளியலறை, துணி துவைக்கும் அறை, அலுமாரிக்குள், நீரிறைக்கும் பம்புக் குழிக்கு அருகில், சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்கு நேரே, யன்னலோரம்: இவை கூடாது. வழக்கமாக எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள். சோதனைக்காக யன்னலைத் திறந்துவைக்கவும் வேண்டாம், வழக்கமாகத் திறப்பதை அடைத்துவைக்கவும் வேண்டாம்.

உறையைப் பிரித்த திகதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். எடுக்கும் நாளிலும் அப்படியே. எடுத்தவுடன் மூடி முத்திரையிட்டு அன்றைக்கே அஞ்சலில் போடுங்கள். மேசை இழுப்பறையில் மூன்று வாரம் கிடந்தால் அது அந்த இழுப்பறையின் காற்றையும் பதிந்துகொண்டிருக்கும், கணக்கு பிழைத்துவிடும். அதிகம் நடக்கும் தவறு இதுவும், பதிவி இருப்பதையே ஒரு வருடம் மறந்துவிடுவதும்தான்.

முதலில் செலவில்லாதவை

முடிவு 200ஐத் தாண்டினால் பலர் முதலில் சிலிக்கன் குழாயோடு வெடிப்பு அடைக்கப் போவார்கள். அடைப்பது தேவைதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நீங்கள் பார்க்கும் வெடிப்பை அடைத்தால் வாயு பார்க்காத வெடிப்பால் வரும்: முடிக்கப்பட்ட சுவருக்குப் பின்னால், படிக்கட்டின் அடியில், குளியல் தொட்டிக்குக் கீழே குழாய்க்காக விட்ட பெரிய துளையில். கொங்கிறீற் தொடர்ந்து சுருங்கி அசைவதால் அடைத்ததும் சில ஆண்டில் மீண்டும் பிரியும்.

இருந்தாலும் சில இடங்களை ஒரு சனிக்கிழமையில் பார்த்துவிடலாம். தரையிலுள்ள வடிகால் பொறியில் தண்ணீர் வற்றியிருந்தால் அது மண்ணுக்குத் திறந்த வாசல். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், மாதம் ஒருமுறை திரும்ப ஊற்றுங்கள். பம்புக் குழிக்கு வெறும் பிளாஸ்டிக் தட்டு மூடியாக இருந்தால் ரப்பர் விளிம்போடு காற்றுப் புகாத மூடி போடுங்கள். குழி வீட்டைச் சுற்றியுள்ள வடிகுழாயோடு தொடர்புள்ளது என்பதால் ரேடான் அதிகம் வரும் வழிகளில் அது ஒன்று. ஒன்ராறியோ வீடுகளில் முன்வாசல் மேடைக்குக் கீழே குளிர் அறை இருக்கும். அங்கே தரை சரியாக ஊற்றப்படாமல் மண் தெரியும் இடங்கள் உண்டா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அடைக்கப் பொலியூரிதேன் சீலன்ட் பயன்படுத்துங்கள். சாதாரண அக்ரிலிக் சுருங்கிப் பிரியும்.

எச்ஆர்வி எனப்படும் வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவி இருந்தால் அதன் வெளி உள்ளிழுவாயைப் பாருங்கள். இலையும் உலர்த்தியின் பஞ்சும் அடைத்து, காற்று வெளியே போவது அதிகம், உள்ளே வருவது குறைவு என்றாகிவிட்ட கருவி ரேடானை ஏற்றத்தான் செய்யும். சுத்தம் செய்து, வரவும் போக்கும் சமனாக இருக்கும்படி சீராக்க வேண்டும். காற்று மாற்றத்தை இரட்டிப்பாக்கினால் ரேடான் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே 260 இருந்த வீடு இதனாலேயே தப்பலாம். 900 இருந்த வீடு தப்பாது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிவைப்பது ரேடான் வாயுவைக் குறைக்காது. யன்னலைத் திறப்பது குறைக்கும், ஜனவரியில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

தரைக்கடியில் இருந்து இழுப்பது

நிலைத்த தீர்வு இதுதான். கொங்கிறீற் தரையில் ஒரு துளையிட்டுக் குழாய் இறக்கி, அதில் விசிறி பூட்டி, தரைக்குக் கீழேயுள்ள காற்றை எப்போதும் வெளியே இழுத்துக்கொண்டிருப்பது. தரைக்குக் கீழ் அழுத்தம் பேஸ்மென்டைவிடக் குறைந்துவிட்டால் வாயு மேலே வராது. வெடிப்பில் காற்று போகும் திசை தலைகீழாகும். நன்றாக அமைத்தால் 80, 90 சதவீதம் குறைவது வழமை. தேர்ந்தவரிடம் கொடுத்தால் வீட்டைப் பொறுத்துச் சில ஆயிரம் டொலர் ஆகும். சி-என்ஆர்பிபி சான்றுள்ளவரையே பிடியுங்கள். இதற்கான தேசியத் தரநிலை 2017இல் வந்தது. அதன்படி செய்வீர்களா என்று கேட்டால் ஆளின் தரம் தெரிந்துவிடும். நீங்களே செய்யும் கைத்திறன் இருந்தாலும், செய்பவரை மேற்பார்க்க விரும்பினாலும், வரிசை இது.

முதலில் தொடர்புச் சோதனை. பலரும் தவிர்ப்பது இதைத்தான், பின்னால் வருந்துவதும் இதற்குத்தான். தரைக்குக் கீழே சல்லிக்கல் இருக்கிறதா, இறுகிய களிமண்ணா என்பதை ஊகித்து விசிறி வாங்கக் கூடாது. இழுக்கப்போகும் இடத்தில் தூசியுறிஞ்சியின் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு துளையும், அதிலிருந்து ஒரு மீட்டர், மூன்று மீட்டர், எதிர் மூலை ஆகிய இடங்களில் 10 மில்லிமீட்டர் துளைகளும் போடுங்கள். தூசியுறிஞ்சியை ஓடவிட்டு ஒவ்வொரு சிறு துளையிலும் புகைப் பென்சிலை (மெல்லிய புகை விடும் சிறு கருவி) பிடியுங்கள். புகை துளைக்குள் இறங்கினால் அங்கே இழுவை எட்டுகிறது. நுண் அழுத்தமானி இருந்தால் பாஸ்கலில் எழுதிவையுங்கள். உறிஞ்சியின் வெளிவாயை யன்னல் வழியே வெளியே விடுங்கள். இல்லையென்றால் செறிந்த ரேடானை அறைக்குள் ஊதுவீர்கள். துளையிடுமுன் தரைக்குள் சூடேற்றும் குழாய், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி ஓடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். கொங்கிறீற் தூசியில் சிலிக்கா உண்டு. சுவாச முகமூடி கட்டாயம்.

எதிர் மூலையிலும் புகை இறங்கினால் கீழே சல்லிக்கல். குறைந்த மின்சாரத்தில் அதிகக் காற்றை நகர்த்தும் விசிறி போதும், ஒரு துளையே வீட்டைக் காக்கும். ஒரு மீட்டரிலேயே நின்றுவிட்டால் இறுகிய மண். காற்றளவு குறைந்து இழுவிசை மிகுந்த விசிறி வேண்டும், இரண்டு மூன்று துளைகளும் தேவைப்படலாம். களிமண்ணுக்குச் சல்லிக்கல் விசிறி போட்டால் அது சும்மா சுற்றும், அளவு குறையாது. பிறகு சேர்த்துக் கட்டிய வீடுகளில் பழைய அத்திவாரம் நடுவே ஓடும். இருபுறமும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

அடுத்தது துளை. 4 அங்குல பிவிசி குழாய்க்கு 5 அங்குலத் துளை. உள்ளே கைவிட்டு மண்ணையும் சல்லியையும் அள்ளி 20 லிட்டர் வாளி ஒன்றாவது நிறையும் அளவுக்குக் குழி தோண்டுங்கள். மண் இறுகியதாக இருந்தால் இன்னும் அதிகம். குழி பெரிதானால் இழுவை பரவும் பரப்பும் பெரிதாகும். காசில்லாமல் கிடைக்கும் பலன் இது. குழாயின் வாய் குழியின் அடியைத் தொடாமல் கொங்கிறீற் தரையின் அடிப்பக்கத்தோடு நிற்க வேண்டும். அது வழுக்கி இறங்கி மண்ணில் குத்தினால் எல்லாம் வீண், ஆகவே மேலே பிடிமானம் போட்டுத் தாங்குங்கள். சுற்று இடைவெளியைச் சீலன்டால் அடையுங்கள்.

குழாய் முழுவதும் துளைப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஒரு அடிக்கு எட்டிலொரு அங்குலம். மண்வாயு ஈரமானது. குளிரில் அது தண்ணீராகி, தாழ்ந்த வளைவில் தேங்கினால் குழாய் அடைபட்டு, விசிறி களகளவென்று சத்தம் போடும். சூடேற்றாத இடத்தில் போகும் குழாய்க்குக் காப்புறை சுற்றுங்கள்.

விசிறி ரேடானுக்கென்றே செய்த, காற்றுக் கசியாத வகையாக இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் குளியலறைக் குழாய் விசிறியின் உடலிலேயே கசிவு உண்டு. விசிறிக்கு முன்னுள்ள குழாய் கசிந்தால் இழுவை குறையும், அவ்வளவுதான். பின்னுள்ள குழாய் வீட்டுக்குள் கசிந்தால் மண்ணுக்கடியில் இருந்த செறிந்த வாயுவை நீங்களே அறைக்குள் செலுத்துகிறீர்கள். அதனால்தான் அமெரிக்காவில் விசிறியைக் குடியிருக்கும் பகுதிக்கு வெளியே வைத்துக் கூரைக்கு மேல் விடச் சொல்கிறார்கள். கனடாவின் கடுங்குளிரில் அப்படி வைத்தால் பனி உறைந்து அடைக்கும் என்பதால், பேஸ்மென்டுக்குள் வெளிச்சுவரை ஒட்டி விசிறியைப் பூட்டி, சுவர் வழியே உடனே வெளியேற்றுவது வழக்கம். அப்போது விசிறிக்குப் பின்னுள்ள இணைப்புகள் ஒவ்வொன்றையும் சவர்க்கார நுரையால் சோதியுங்கள். வெளிவாய் யன்னல், கதவு, எச்ஆர்வி உள்ளிழுவாய், அயலவரின் நடைபாதை எதற்கும் அருகில் இருக்கக் கூடாது; பனி குவிந்து மூடாத உயரத்தில் இருக்க வேண்டும். விசிறியின் இருபுறமும் ரப்பர் இணைப்பி போட்டால் அதிர்வு சுவருக்குப் போகாது, பழுதானால் மாற்றுவதும் சுலபம். புது மின்னிணைப்பு இழுத்தால் ஒன்ராறியோவில் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும்.

குழாயில் யு வடிவ அழுத்தமானி ஒன்றை ஒட்டுங்கள். விசிறி ஓடும்போது இருபக்க நீர்மட்டமும் வேறுபட்டு நிற்கும். முதல்நாள் மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் விசிறி நின்றுவிட்டது. குறியைவிட வெகுவாக ஏறினால் குழாயோ குழியோ அடைபட்டிருக்கலாம், தண்ணீர் ஏறியும் இருக்கலாம்.

இனி உயிர் சம்பந்தமான ஒரு சோதனை. புகை தானாக மேலெழும் வகைப் பழைய எரிவாயுச் சுடுநீர்த் தாங்கி வீட்டில் இருந்தால், தரைக்கடியில் இழுக்கும் விசிறி வெடிப்புகள் வழியே பேஸ்மென்டின் காற்றையும் சேர்த்து இழுக்கக்கூடும். அப்போது தாங்கியின் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பலாம். கார்பன் மொனொக்சைட் அதில்தான் இருக்கிறது. யன்னல் கதவை மூடி, உலர்த்தி, ஹூட், குளியலறை விசிறி எல்லாவற்றையும் ஓடவிட்டு, சுடுநீர் எரியும்போது தாங்கியின் புகைவாயருகே புகைப் பென்சிலைப் பிடியுங்கள். சில நிமிடத்தில் புகை மேலே இழுபடாவிட்டால் ரேடான் விசிறியை நிறுத்திவிட்டு, தரைக் கசிவுகளை அடைத்து, எரிவாயுத் தொழிலாளியை அழையுங்கள். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

தரை ஊற்றாத தவழ்வெளி (வீட்டுக்கடியில் ஊர்ந்து போகும் உயரமே உள்ள இடம்) உள்ள வீட்டில் தடித்த பொலித்தீன் விரிப்பை மண்மேல் பரப்பி, ஓரங்களைச் சுவரோடு ஒட்டி, விரிப்புக்கு அடியிலிருந்து இழுக்க வேண்டும். கொள்கை ஒன்றே.

மறுபடி அளப்பது

விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரமாவது கழிந்தபின் சில நாள் இலத்திரனியல் கருவியால் பாருங்கள். பெருவீழ்ச்சி தெரிய வேண்டும். அடுத்த சூடேற்றும் காலத்தில் அதே இடத்தில், அதே வகைப் பதிவியை மூன்று மாதம் வையுங்கள். கோடையில் போட்ட விசிறி கோடையில் 40 காட்டியதை முடிவாக எடுக்காதீர்கள். வீடு இழுக்கும் விசை அப்போது குறைவு. எதிர் மூலைச் சிறு துளையில் கோடையில் இழுவை ஒரு பாஸ்கல்தான் என்றால் ஜனவரியில் அது தோற்றுப்போகும். சோதனைகள் முடிந்தபின் அந்தத் துளைகளைச் சீமெந்தால் அடைக்க மறக்க வேண்டாம்.

குறையவில்லையென்றால் இந்த ஒழுங்கில் தேடுங்கள்: அழுத்தமானியின் நீர்மட்டம் வேறுபட்டிருக்கிறதா, எதிர் மூலையில் புகை இறங்குகிறதா, பம்புக் குழி மூடி கசிகிறதா, வெளிவாய்க் காற்று யன்னலால் திரும்பி வருகிறதா. இவை எல்லாம் சரியென்றால் பொள்ளற் கல் சுவர்களின் உள்வெளியையும், கிணற்று நீர் பாவிக்கும் கிராமப்புற வீடாயின் தண்ணீரையும் சந்தேகிக்கலாம்.

விசிறியை நிறுத்தக் கூடாது. மின்சாரம் மிச்சம் என்று வாடகைக்கு இருப்பவர் பிளக்கைக் கழற்றிவைப்பது நடக்கிற காரியம். நிறுத்திய ஓரிரு நாளிலேயே அளவு பழைய இடத்துக்குப் போய்விடும். குழாயில் தமிழிலேயே ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்.

புது வீடு வாங்குகிறவர்கள் தரையில் மூடி போட்ட 4 அங்குலக் குழாய் தலை நீட்டுகிறதா என்று பாருங்கள். 2010ஆம் ஆண்டுத் தேசியக் கட்டடச் சட்டத்தொகுப்பு அதைக் கேட்டது. அது விசிறி பூட்டுவதற்கான தயாரிப்பே தவிர, அதுவாக ஒன்றும் செய்யாது. ஒன்ராறியோவில் புது வீட்டுக்கான டேரியன் உத்தரவாதத்தின் ஏழாண்டுக் காப்பில் 200ஐத் தாண்டிய ரேடானும் அடங்கும். அதற்கு மூன்று மாத நீண்டகாலச் சோதனை முடிவு கையில் வேண்டும். ஆகவே சாவி வாங்கிய முதல் ஒக்டோபரிலேயே பதிவியைத் தொங்கவிடுங்கள்.